ஜாய்ஸுக்குக் கட்டிய சவுரி

கூந்தல் உள்ள சீமாட்டி அள்ளியும் முடிவாள், அவிழ்த்தும் விடுவாள் என்று சொல்லிவைத்த பெரியவர்கள், கூந்தல் இல்லாதவள் என்ன செய்வாள் என்பதைச் சொல்லாமலே போய்விட்டார்கள். அவர்களுக்கு என்ன? கண்ணாடி முன்னால் நின்று தவிக்கிறவளுக்கல்லவா அது தெரியும். ராயப்பன்பட்டியில் அப்படித் தவித்தவர்கள் எல்லாரும் ரோஸ்லின் வீட்டுக்குப் போனார்கள்.

மாதா கோயிலுக்குப் பின்தெருவில் அவள் வீடு. முன்னறைதான் பார்லர். வாசலில் வெயிலுக்கு வெளுத்துப்போன ஒரு பிளக்ஸ், உள்ளே ஆளுயரக் கண்ணாடி, கம்பத்தில் மூடிப்போன ஒரு சலூனிலிருந்து புருஷன் பீட்டர்ராஜ் தூக்கிக்கொண்டு வந்த சுழல் நாற்காலி. பீட்டர்ராஜ் ஜீப் ஓட்டுகிறவர். விடியும் முன்னே ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை மலைக்கு ஏற்றிப்போய், பொழுது சாய இறக்கிக்கொண்டு வருவார். இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசி அலுத்து, இப்போது பேச்சையும் விட்டுவிட்டது.

உத்தமபாளையத்தில் இலவசமாகச் சொல்லிக்கொடுத்த அழகுக்கலை வகுப்பில் ரோஸ்லின் படித்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் அவளே கண்டுபிடித்தது. தேனி பஜாரில் வாங்கிய வால் சீப்பு ஒன்று, கையைச் சுடும் மலிவு டிரையர் ஒன்று, முடியை நெளிநெளியாக்கும் கிரிம்பிங் மிஷின் ஒன்று, இவ்வளவுதான் அவள் ஆயுதம். ரோலர் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. திராட்சைத் தோட்டத்து வரப்பில் ஒடிந்து கிடக்கும் சொட்டுநீர் டியூபை விரல் நீளத்துக்கு வெட்டி, மேலே பழைய பருத்தித் துணியைச் சுற்றித் தைத்துக்கொண்டாள். அதில் ஈர முடியைச் சுருட்டி வைத்துக் காயவிட்டால் வேர்ப்பக்கம் அப்படியே எழும்பி நிற்கும். கொண்டைக்குள் வைக்கும் வளையத்துக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கறுப்புக் காலுறை. வகிட்டைப் பழகிய பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுவாள், அதிலேயே பாதி முடி கூடினதுபோல் ஆகிவிடும். அப்புறம் மேல்முடியை ஒதுக்கிவிட்டு உள்முடியை மட்டும் மிஷினில் நெளித்து, நுனியிலிருந்து வேரைப் பார்த்து வால் சீப்பால் தள்ளித் தள்ளிச் சீவுவாள். பார்லர் பாஷையில் அதற்குப் பேக்கோம்ப் என்று பெயர். முடி தன்னில் தானே சிக்கிக்கொண்டு பஞ்சு மெத்தைபோல் உப்பும். அதன்மேல் ஒதுக்கிவைத்த முடியை வழுவழுவென்று போர்த்திவிட்டால், பார்க்கிறவர் கண்ணுக்கு அடர்ந்த கூந்தல்.

"ரோஸ்லின் கை பட்டா எலிவாலும் குதிரைவாலாகும்" என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு. பாதி கேலி, பாதி நிஜம். அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. இருக்காதா? பத்தாவது படிக்கையில் டைபாய்டு வந்து கொத்துக் கொத்தாகக் கொட்டி, அப்புறம் முன்போல் வளராமலே போன தலை அவள் தலை. "முன்நெத்தி ஏறிக்கெடக்கு" என்று இரண்டு மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனது அவளுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அந்த வலியில் கற்ற தொழில் இது.

பொங்கல் கழிந்த ஒரு நாள், செபஸ்தியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். செபஸ்தியம்மாளின் புருஷன் சேவியர், ரோஸ்லினுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஓடைப்பட்டி போகிற வழியில் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் அவர்களுக்கு. மகள் ஜாய்ஸ் உத்தமபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தாள். விடுமுறையென்றால் அப்பனோடு தோட்டத்தில் நின்று குலை வெட்டுவாள். வாய்த்துடுக்கான பெண், சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"ரோஸ்லினு, நாளைக்கு மாப்பிள வீட்டுக்காரக வர்றாக. பிள்ள தலையப் பாரு, எப்படி ஒட்டிக் கெடக்கு. கொஞ்சம் தூக்கிவிடு தாயி."

"அதுக்கென்ன மதினி. உக்காரச் சொல்லுங்க."

"அத்தை, ரொம்பத் தூக்கிறாதீக" என்றாள் ஜாய்ஸ். "குருவி வந்து முட்டை போட்டுறப்போகுது."

ரோஸ்லின் சிரித்துக்கொண்டே முடியைப் பிரித்தாள். சின்ன வயதிலிருந்து அவள் பார்த்த தலை அது. நல்ல முடி. இப்போது கைக்குள் கொஞ்சம் இளைத்ததுபோல் இருந்தது. இந்தக் காலத்தில் எந்தப் பெண்ணுக்குத்தான் கொட்டவில்லை என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் டியூபில் சுருட்டி, நெளித்து, உப்பவைத்து, நீளமாகப் பின்னிவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, ஜாய்ஸ் அன்றைக்கு அப்படி இருந்தாள்.

மாப்பிள்ளை பிரின்ஸ், தேனியில் பைக் ஷோரூமில் வேலை. சொந்த ஊர் கெங்குவார்பட்டி. தகப்பன் இல்லாத பையன். தாய் அன்னத்தாய் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்து அவனை ஆளாக்கியவள். காபி கொடுத்துவிட்டுத் திரும்பிய ஜாய்ஸின் பின்னலை அன்னத்தாய் கையில் ஏந்திப் பார்த்தாள்.

"ஏ ஆத்தா, என்ன முடி! எங்க வம்சத்துல யாருக்கும் இப்படிக் கெடையாது. எனக்குப் பொறக்கப்போற பேத்திக்காவது இந்த முடி வரட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். செபஸ்தியம்மாள் வாசல் நிலையோரம் நின்றிருந்த ரோஸ்லினைப் பார்த்தாள். ரோஸ்லினும் சிரித்தாள். அன்னத்தாய் மனதில் ஒரு விகற்பமும் இல்லை. வாய் நிறையப் பாராட்டினாள், அவ்வளவுதான். ஆனால் வினை அந்தப் பாராட்டில்தான் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கே பேசி முடித்தார்கள். தபசுக்காலம் நெருங்கிவிட்டதால் ஈஸ்டர் முடிந்து கல்யாணம் என்று முடிவாயிற்று. ஈஸ்டருக்கு முந்தின அந்த நோன்பு நாட்களில் கோயிலில் தாலி கட்டுவதில்லை.

அந்த இடைவெளியில்தான் ஜாய்ஸுக்கு முடி கொட்டத் தொடங்கியது. கொட்டியது என்றால் சீப்பில் நாலு இழை வருவது அல்ல. காலையில் தலையணையில் கிடந்தது, குளியலறைச் சல்லடையை அடைத்தது, சோற்றில் கிடந்தது. நெற்றியோரம் முடி குட்டைகுட்டையாக ஒடிந்து நின்றது. காதுக்குப் பின்னால் ரூபாய்க் காசு அகலத்துக்கு வழுக்கென்று ஓர் இடம்.

"எல்லாம் இந்தப் போர்த் தண்ணி பண்ற வேல" என்றாள் செபஸ்தியம்மாள். ஊரில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் முடி கொட்டினால் குற்றவாளி முதலில் தண்ணீர்தான். சேவியர் மறுநாளிலிருந்து மொபெட்டில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய், மகள் தலைக்கு ஊற்ற முல்லையாற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். தோட்டத்தில் மருந்தடித்துக் களைத்து வந்த நாளிலும் அது தவறவில்லை. அந்த மனிதனின் பாசத்துக்கு வேறு பாஷை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் ஜாய்ஸ் ரோஸ்லின் வீட்டுக்கு வந்துவிடுவாள். கல்யாணம் நிச்சயமான பெண்ணை ஊரே உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை பார்க்கும். கெங்குவார்பட்டிக்குச் சேதி போக எவ்வளவு நேரம்? அதனால் பூசைக்குப் போகும் தலை எப்போதும் உப்பலாக இருக்கவேண்டும் என்பது செபஸ்தியம்மாளின் கட்டளை. ரோஸ்லின் வால் சீப்பால் தள்ளிச் சீவும்போது ஜாய்ஸ் முகத்தைச் சுளிப்பாள்.

"நோகுது அத்தை."

"பொறுத்துக்கடி. கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் பொறுத்துக்க" என்பாள் பக்கத்தில் நிற்கும் தாய்.

ஒருநாள் ஜாய்ஸ் தனியாக வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தவள் விரல்களை மடக்கி மடக்கி விரித்தாள்.

"அத்தை, காலையில எந்திரிச்சா வெரலெல்லாம் மடங்க மாட்டேங்குது. முட்டி வலிக்குது. வெயில்ல நின்னா மூஞ்சி செவந்து எரியுது. எனக்கு ஏதோ பண்ணுது அத்தை."

கன்னம் இரண்டிலும் சிவப்பு படர்ந்திருந்ததை ரோஸ்லினும் பார்த்திருந்தாள். பார்த்ததும் அவள் கை தானாகப் பவுண்டேஷனைத்தான் எடுத்தது. தொழில் செய்கிற கையின் புத்தி அது. சிவப்பைக் கண்டால் மறைக்கத்தான் தெரியும்.

"கம்ப்யூட்டர்லயே தட்டிக்கிட்டு இருந்தா வெரலு வலிக்கத்தான் செய்யும். வெயில்ல குலை வெட்டப் போகாத."

"இல்ல அத்தை, இந்த முடி..."

"ஏட்டி, எனக்கும்தான் டைபாய்டுல கொட்டுச்சு. செத்தா போயிட்டேன்? குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்ல?"

ஜாய்ஸ் சிரித்தாள். அவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அன்றைக்கு அவள் மனம் தேறி எழுந்து போனதைப் பார்த்து ரோஸ்லினுக்கும் நிம்மதி.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அடுத்தமுறை செபஸ்தியம்மாள் வந்தபோது மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"மதினி, பிள்ளைய ஒரு டாக்டர்ட்ட காட்டிருவமா? காதுக்குப் பின்னால எடம் பெருசாயிக்கிட்டே போகுது."

"அடி போடி. கல்யாணத்துக்கு முந்தி பொண்ணு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா ஊரு என்ன பேசும்? இல்லாத நோயெல்லாம் கட்டிவிடுவாக. சம்மந்தியம்மா அந்த முடியப் பாத்துத்தான் மயங்குனாக. அவுக காதுக்குப் போச்சுன்னா? தாலி ஏறட்டும். அப்புறம் பிரின்ஸே கூட்டிட்டுப் போவாரு."

இரண்டு மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போன நினைவு ரோஸ்லினின் வாயைப் பூட்டியது. அந்தப் பிள்ளைக்கும் அது நேர்ந்துவிடக் கூடாது. அவள் வேண்டியது அவ்வளவுதான்.

சவுரி யோசனை அப்போதுதான் வந்தது. கல்யாணத்தன்று தலையில் முக்காடாக நெட் போட்டுக் கிரீடம் வைக்கவேண்டும். அதைத் தாங்க உள்ளே முடி வேண்டாமா? எவ்வளவுதான் உப்பவைத்தாலும் இல்லாததை எப்படி உப்பவைப்பது? கடையில் விற்கும் சவுரி செம்பட்டை அடிக்கும், வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஜாய்ஸின் சொந்த முடியென்றால் இழைக்கு இழை ஒத்துப்போகும்.

"கொட்டுற முடியத் தூரப் போடாதீக மதினி. சேத்து வைங்க. அதுலயே கட்டித் தாரேன்."

இந்த இடத்தில் எனக்கு அந்த இரண்டு பெண்களையும் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருக்கிறது. ஆனால் அவர்கள் கெட்டவர்களா? இல்லை. பிள்ளைமேல் உயிரை வைத்திருந்தவர்கள். செபஸ்தியம்மாள் விழுந்த முடியை ஓர் இழை விடாமல் பொறுக்கினாள். சீயக்காய் போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, துணிக்கடைப் பையில் போட்டு வாராவாரம் கொண்டுவந்து கொடுத்தாள். ரோஸ்லின் உட்கார்ந்து சிக்கெடுத்து, வேர்ப்பக்கத்தை ஒருமுனையாக அடுக்கி, கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டே வந்தாள். சவுரி நாளுக்கு நாள் தடித்தது. மணிக்கட்டுக் கனத்துக்கு வந்ததும் செபஸ்தியம்மாள் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"நல்லா அடர்த்தியா வந்திருக்குடி" என்றாள், மனம் நிறைந்து.

"ஆமா மதினி. இன்னும் கொஞ்சம் சேந்தாப் போதும்" என்றாள் ரோஸ்லின்.

இன்னும் கொஞ்சமும் சேர்ந்தது.

ஈஸ்டர் முடிந்தது. கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். இன்ன ஊர் இன்னார் மகனும் இன்னார் மகளும் மணமுடிக்க இருக்கிறார்கள், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் வாசிப்பார். முதல் ஓலையன்று ஜாய்ஸ் சந்தன நிறப் புடவையில் முன்வரிசையில் நின்றாள். பெயர் வாசித்ததும் கோயிலில் ஒரு சலசலப்பு. எல்லாத் தலையும் அவள் தலையைப் பார்த்துத் திரும்பியது. பெண்கள் பக்கம் பின்னால் நின்ற ரோஸ்லினும் தன் கைவேலையைப் பார்த்தாள். ஓர் இழை பிசகவில்லை. தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்ற சாமியாரின் குரல் அன்றைக்கு அவள் காதில் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

இரண்டாம் ஓலைக்குள் ஜாய்ஸின் முகம் பூசினாற்போல் ஆனது. கண்ணுக்குக் கீழே மெத்துமெத்தென்று இருந்தது.

"கல்யாணக் களை வந்துருச்சு பாருங்க" என்றார்கள் கோயில் வாசலில் நின்ற பெண்கள். செபஸ்தியம்மாள் பூரித்துப்போய், வீட்டுக்குப் போனதும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். அன்றைக்கு ஜாய்ஸின் கால் செருப்புக்குள் நுழையவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தை, மூச்சு வாங்குது" என்றாள்.

அதற்குமேல் யாரும் ஊர்ப்பேச்சை நினைக்கவில்லை. பீட்டர்ராஜின் ஜீப்பில்தான் தேனிக்குக் கொண்டுபோனார்கள். பின்சீட்டில் தாய் மடியில் தலை, ரோஸ்லின் மடியில் வீங்கிய கால். முன்னால் சேவியர் சாலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். தேனியில் பார்த்துவிட்டு உடனே மதுரைக்குப் போகச் சொன்னார்கள். மதுரையில் ஒரு பெண் டாக்டர் வந்து காலை அமுக்கிப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள், விரல்களைப் பார்த்தாள்.

"முடி கொட்டுதா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"முடியெல்லாம் நல்லாத்தான்மா இருக்கு" என்றாள் செபஸ்தியம்மாள்.

மகள் சாகக் கிடக்கும்போதும் அந்தத் தாயின் வாய் பழக்கதோஷத்தில் பொய் சொன்னது. அவள் பொய் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. அத்தனை நாளாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் அது அப்படியே படிந்துகிடந்தது. ரோஸ்லின் ஒரு நிமிஷம் மதினியைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"கொட்டுது மேடம். பொங்கல்ல இருந்து கொட்டுது. நாந்தான் தெரியாம வச்சிருந்தேன்." அவளே கை நீட்டிக் கொண்டையை அவிழ்த்தாள். கறுப்புக் காலுறை வளையம் கட்டிலில் விழுந்து உருண்டது. காதுக்குப் பின்னால் இருந்த காசளவு இடம் இப்போது உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. உடம்பே உடம்பைத் தின்கிற நோய் என்றாள். முடி, மூட்டு, தோல் என்று தொட்டுத் தொட்டு உள்ளே போய் இப்போது சிறுநீரகத்தில் நிற்கிறது, நுரையீரலிலும் நீர் கோத்திருக்கிறது என்றாள். "முடி கொட்டுன உடனே கூட்டிட்டு வந்திருந்தா மருந்து, மாத்திரைல வச்சிருக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அந்த வாரம் முழுக்க ரோஸ்லின் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். பிரின்ஸ் லீவு போட்டுவிட்டு வெளிவாசலிலேயே கிடந்தான். தீவிர சிகிச்சை அறையில் கிடந்த ஜாய்ஸைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடிந்தது. தலையில் பச்சைத் துணித் தொப்பி போட்டிருந்தார்கள். அன்னத்தாய்க்குக் கையில் சமையல்கூடத்து வெந்நீர்க் காயம். வர முடியாமல் போனிலேயே அழுதாள்.

சனிக்கிழமை மாலையில் ஜாய்ஸ் போய்விட்டாள்.

மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் கோயிலில் பூசை மணிக்குப் பதில் துக்கமணி அடித்தது. சாமியார் ஓலையை எடுக்கவில்லை. அந்தப் பெயருக்காகச் செபிக்கச் சொன்னார்.

அந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. கல்யாணமாகாமல் போகிற பெண்ணை மணப்பெண்ணாகவே அலங்கரித்துத்தான் கல்லறைக்கு அனுப்புவார்கள். ஜாய்ஸுக்குக் கல்யாணப் புடவையும் நெட்டும் கிரீடமும் வாங்கிப் பெட்டியில் தயாராக இருந்தன. மணப்பெண் அலங்காரத்துக்கு முன்பே சொல்லிவைத்த ஆளும் தயாராக இருந்தாள். யாரும் போய்க் கூப்பிடவில்லை. ரோஸ்லின் தானாகவே பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நடு அறையில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ஆண்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். பெண்கள் குளிப்பாட்டிப் புடவை கட்டிவிட்டு ஒதுங்கினார்கள். சேவியர் கடைசியாகக் கொண்டுவந்து வைத்திருந்த இரண்டு கேன் ஆற்றுத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்கள்.

ரோஸ்லின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கை தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. படுத்திருக்கும் தலைக்குப் பின்னால் உப்பவைத்தால் அமுங்கிப்போகும். முன்னாலும் இரண்டு பக்கத்திலும்தான் தூக்கவேண்டும். வகிட்டை இடப்பக்கம் எடுத்தால் நெற்றிக் குறை மறையும். கை இப்படிக் கணக்குப் போடுவதைக் கண்டு அவளுக்கே தன்மேல் அருவருப்பாக வந்தது. அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று தோன்றியது. ஆனாலும் வேறென்ன செய்வது? அவள் அறிந்த மரியாதை அது ஒன்றுதான். பிரின்ஸ் வருவான், அவன் தாய் வருவாள், ஊர் வரும். வால் சீப்பை எடுத்தாள். முன்முடியை ஒரு பிடி பிரித்துத் தூக்கி, நுனியிலிருந்து வேருக்குத் தள்ள ஓங்கினாள்.

செபஸ்தியம்மாள் எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம் ரோஸ்லினு. பிள்ளைக்கு நோகும்."

அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் வாய்விட்டு அழுதார்கள். ரோஸ்லினுக்கு அழுகை வரவில்லை. வால் சீப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, அகலப் பல் சீப்பை எடுத்துத் தேங்காயெண்ணெய் தொட்டு, வேரிலிருந்து நுனிக்கு, முடி வளர்கிற திசையிலேயே, மெல்ல மெல்லச் சீவினாள். வாரச் சொல்லி மடியில் வந்து விழுகிற சின்னப்பிள்ளைக்குச் சீவுவதுபோல் சீவினாள். நேர்வகிடு எடுத்தாள். இருந்த முடி கொஞ்சம்தான். அதை அப்படியே காதோரம் படியவிட்டு, மேலே நெட்டைப் போட்டு, கிரீடத்தைச் சாய்ந்துவிடாமல் வைத்தாள். குறை எல்லாம் தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டாள்.

பையின் அடியில் சவுரி இருந்தது. அதைக் கண்டதும் செபஸ்தியம்மாள், "அது அவ முடிதான, அவளோடயே போகட்டும்" என்றாள். ரோஸ்லின் அதைத் தோளுக்கு முன்னால் மார்பின்மேல், பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டதுபோல் வைத்தாள். கதவைத் திறந்தார்கள்.

மதியத்துக்கு மேல் கெங்குவார்பட்டி வேன் வந்தது. அன்னத்தாய் கையில் கட்டோடு இறங்கித் தெருமுனையிலிருந்தே அடித்துக்கொண்டு வந்தாள். "மகாலட்சுமியா வீட்டுக்கு வருவன்னு இருந்தேனே, முடி நெறஞ்ச என் ராசாத்தி" என்று கூவிக்கொண்டே உள்ளே வந்தவள், பெஞ்சருகே வந்து முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுபோனாள். கூவல் பாதியில் நின்றது. கட்டுப்போட்ட கையால் நெட்டை விலக்கி நெற்றியோரத்தைத் தடவினாள். காதுக்குப் பின்னால் தடவினாள். செபஸ்தியம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இத்தனை நாள் எதற்குப் பயந்தார்களோ அது இதோ நடந்துகொண்டிருந்தது. இனிமேல் பயந்து ஆவது ஒன்றும் இல்லை.

"எப்பருந்து இப்படி?" என்றாள் அன்னத்தாய். குரலில் கோபமே இல்லை.

கடைசியில் ரோஸ்லின்தான் சொன்னாள். "நீங்க பாக்க வந்தீகளே, அதுக்கப்புறம் இருந்து. நீங்க முடியப் பாத்து ஆசப்பட்டீக. தெரிஞ்சா வேணாம்னு போயிருவீகளோன்னு..."

"நானா?" என்றாள் அன்னத்தாய். "முடிக்கா நான் பொண்ணு எடுத்தேன்? வாயில வந்தது ஒரு வார்த்த சொன்னேன். சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே, மதுரைக்கு. என் மகனுக்கு ஆறு மாசம் கழிச்சுக் கட்டிவச்சா என்ன கெட்டுப்போச்சு?"

அப்போதுதான் மார்பின்மேல் கிடந்த சவுரி அவள் கண்ணில் பட்டது. கையில் எடுத்தாள். தடிமனாக, கன்னங்கரேலென்று, எண்ணெய் மினுங்க, நுனிவரை ஒரே சீராகக் கட்டிய சவுரி. ரோஸ்லின் தன் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே நேர்த்தியான வேலை அதுதான்.

"இது என்ன?"

"அவ முடிதான். கொட்டுனத எல்லாம் சேத்து வச்சு நாந்தான் கட்டுனேன். கல்யாணத்துக்கு."

அன்னத்தாய் அதை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்று பின்னலை ஏந்திப் பார்த்த அதே கை. ரோஸ்லினையும் செபஸ்தியம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ்வளவு கொட்டுற வரைக்கும் ரெண்டு பேரும் பொறுக்கிக்கிட்டா இருந்தீக?" என்றாள்.